பட்மின்டன் எங்கட பக்கத்துச் சாமானா வெள்ளைக்காரன்ர சாமானா? கொத்துக்குப் பந்தயம் பிடிச்சாச்சு, தீர்ப்புச் சொல்லுங்கோ

உப்புவெளி பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஒழுங்கையில ஒவ்வொரு நாளும் பின்னேரம் பட்மின்டன் அடிக்கிறனாங்கள், கோர்ட் எண்டு பெரிசா ஒண்டுமில்லை, ஒரு பக்கம் லைட் போஸ்ட், மற்றப் பக்கம் தென்னை, நடுவில பழைய மீன்வலைத் துண்டு, கோடு கீறுறது உடைஞ்ச ஓட்டுத் துண்டால. நேற்று கச்சான் காத்து தூக்கின தூக்கில நான் போட்ட சேர்வ் ஒண்டு நெட்டுக்கு மேல போய் அங்கேயே யோசிச்சுக்கொண்டு நிண்டுட்டுத் திரும்பி என்ர தலைக்குப் பின்னால விழுந்திச்சு. எனக்கு வந்த கடுப்பில, "இது வெள்ளைக்காரன் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ள இருந்து கண்டுபிடிச்ச விளையாட்டு, திருமலைக் காத்துக்கு இது சரிவராது, வா கிரிக்கெட் அடிப்பம்" எண்டு சொல்லிட்டன்.

மச்சான் விடேல்ல. "விசர்க்கதை கதையாத, இது இந்தியாவில பூனாவில விளையாடினது, எங்கட பக்கத்துச் சாமான், வெளியில வெய்யிலுக்க நிண்டுதான் அடிச்சவங்கள், வெள்ளைக்காரன் பாத்துட்டுக் கொண்டுபோனவன்" எண்டு நிக்கிறான். கதை முத்திப்போய் இப்ப ரெண்டு கோழிக் கொத்து பந்தயம், முட்டை ரெண்டு கூடப்போட்டு. ஆர் சரி எண்டு தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. அதோட இந்தக் காத்துக்கு என்ன செய்யலாம் எண்டும் சொன்னா புண்ணியமாப் போகும், ஏனெண்டா கச்சான் ஓகஸ்ட் முடியுமட்டும் அடிக்கும், அதுவரைக்கும் ரக்கெட்டைப் பெட்டிக்குள்ள போட்டுவைக்க ஏலாது.

டச்பே தம்பி:

அண்ணை முதல்ல ஒரு கேள்வி, அந்த சேர்வில பொயின்ட் ஆருக்கு? 😂 

கொத்து தின்னேக்க எனக்கும் ஒரு கோல் எடுங்கோ, நடுவரா வாறன். என்ர கணக்கில ரெண்டு பேரும் பிழை, இது சீனாக்காரன்ர, அவங்கள் ஆயிரம் வருசத்துக்கு முதலே இறகு குத்தின சாமானைக் காலால தட்டி விளையாடினவங்கள் எண்டு வீடியோ பாத்தனான்.

பழைய ரக்கெட்:

தம்பி உப்புவெளி, நான் கனகாலம் பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் பாடம் படிப்பிச்ச ஆள், இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருசமும் ஆராவது ஒரு பிள்ளை கேக்கும், அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், குறை நினையாதேங்கோ.

சீனாக்காரன்ர கதையை விடுங்கோ, அது காலால தட்டுறது, அதில ரக்கெட்டும் இல்லை நெட்டும் இல்லை. இறகைத் தட்டி விளையாடுறது உலகத்தில கன இடத்தில இருந்திருக்கு. இங்கிலாந்திலயும் சின்னப்பிள்ளையள் ரெண்டு பேர் ஆளுக்கொரு மட்டையோட நிண்டு கொக் எண்ட இறகு குத்தின பந்து கீழ விழாமத் தட்டிக்கொண்டே இருப்பினம், நெட்டும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை, எத்தினை தரம் தட்டினது எண்ட கணக்கு மட்டும்தான். குளொஸ்டர்ஷயர் எண்ட இடத்தில பியூஃபோர்ட் பிரபுவின்ர மாளிகை ஒண்டு இருக்கு, அந்த மாளிகைக்குப் பேர்தான் பட்மின்டன் ஹவுஸ். அந்த வீட்டுக்காரர் 1830இல 2117 தரம் விழாமத் தட்டினதெண்டு மட்டையிலயே எழுதி வச்சிருக்கினம். 2117! எங்கட பெடியள் இருபதுக்கு மேல போனாலே கைதட்டுவினம்.

இப்ப எல்லாரும் சொல்லுற கதை என்னண்டா, 1873இல அந்த மாளிகையில ஒரு விருந்து, மழை வந்திட்டுது, இந்தியாவால வந்த ஆமிக்காரர் வீட்டுக்குள்ள நெட்டைக் கட்டி விளையாடிக் காட்டிச்சினம், அண்டையில இருந்துதான் பட்மின்டன் எண்ட பேர் வந்தது எண்டு. கேக்க வடிவான கதைதான், ஆனா கணக்குப் பிழைக்குது. 1860இலயே லண்டனில விளையாட்டுச் சாமான் வித்த ஐசாக் ஸ்ப்ராட் எண்டவர் பட்மின்டன் எண்ட பேரைப் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அடிச்சிருக்கிறார். 1863இல லண்டன் சஞ்சிகை ஒண்டில, நிலத்தில இருந்து அஞ்சடி உயரத்தில ஒரு கயிறைக் கட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் நிண்டு அடிக்கிறதுக்குப் பேர் பட்மின்டன் எண்டு விளக்கமே வந்திருக்கு. பேர் பத்து வருசத்துக்கு முதலே புழக்கத்தில இருந்தா, பிறகென்னெண்டு 1873இல பிறக்கிறது? ஆகவே பேர் வெள்ளைக்காரன்ரதான், உங்கட பக்கம் ஒரு பொயின்ட்.

ஆனா மச்சானும் சும்மா சொல்லேல்ல. 1860கள் 70களில இந்தியாவில இருந்த பிரிட்டிஷ் ஆமிக்காரருக்கு இந்த விளையாட்டில சரியான பைத்தியம், அதுவும் பூனா முகாமில. அங்க இந்த விளையாட்டையே "பூனா" எண்டுதான் கூப்பிட்டவை. போட்டி விளையாட்டா மாத்தி, நெட் கட்டி, விதி எழுதினது அங்க 1870களிலதான். லீவில ஊருக்குப் போன ஒபிசர்மார் அதைக் கையோட கொண்டுபோய் 1875இல ஃபோக்ஸ்டன் எண்ட கடற்கரை ஊரில கழகம் தொடங்கிச்சினம். பிறகு 1893இல இங்கிலாந்துச் சங்கம் தொடங்கினது போர்ட்ஸ்மத்தில, அது திருமலை மாதிரி நேவிக்காரன்ர துறைமுகம், இது எனக்கு எப்பவும் ஒரு சந்தோசம். 1899இல ஓல் இங்கிலாண்ட் போட்டி, முதல் வருசம் டபிள்ஸ் மட்டும்தான், சிங்கிள்ஸ் அடுத்த வருசம் வந்தது.

அதைவிடப் பகிடி, 1901 மட்டும் கோர்ட் இப்பத்தை மாதிரி நீளப்பெட்டியா இல்லை, நெட்டடியில இடுப்பு ஒடுங்கின உடுக்கு மாதிரி. நாங்கள் தென்னைக்கும் லைட் போஸ்ட்டுக்கும் இடையில கிடைச்ச அகலத்தில அடிக்கிறம் எண்டு வெக்கப்படத் தேவையில்லை, அவையும் கிடைச்ச இடத்துக்கு ஏத்த மாதிரித்தான் கீறினவை.

எங்கட காலத்தில மர ரக்கெட், விளையாடி முடிய ஒரு சட்டத்துக்குள்ள வச்சு நாலு மூலையிலயும் ஸ்குரூ இறுக்கோணும், இல்லாட்டி மாரிக்கு வளைஞ்சு அகப்பை மாதிரிப் போயிடும். நரம்பு அறுந்தா தங்கூசியால பின்னுறது. பதினஞ்சு பொயின்ட் கேம், சேர்வ் போடுறவனுக்கு மட்டும்தான் பொயின்ட், ஒரு மேட்ச் விளக்கு வைக்குமட்டும் இழுபடும். 2006இல இருபத்தொண்டாக்கி ஒவ்வொரு ராலிக்கும் பொயின்ட் எண்டு மாத்தினவை. டீவிக்காரனுக்கு வசதி, எனக்கு இன்னும் மனம் ஒப்பேல்ல.

உப்புவெளி பெடியன்:

சேர் கோடி நன்றி, மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினன், "பாத்தியா பூனா" எண்டு துள்ளுறான், "பேர் எங்கட பக்கம்" எண்டு நானும் துள்ளுறன். பந்தயத்தில சரிபாதி எண்டு ஒண்டு இல்லை சேர், கொத்துக்கடைக்காரன் காசை ஒராளிட்டத்தான் கேப்பான். ஆரும் தெளிவா ஒரு முடிவு சொல்லுங்கோ.

நெட்டடி அக்கா:

பந்தயத்தை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ, நான் காத்துக் கதைக்கு வாறன், ஏனெண்டா அதுதான் உண்மையான பிரச்சினை.

தம்பி நீங்கள் என்ன கொக் பாவிக்கிறீங்கள் எண்டு சொல்லேல்ல. இறகுக் கொக் எண்டா அது மொத்தமே 4.74 கிராமில இருந்து 5.50 கிராம், ஒரு தேக்கரண்டி சீனியளவு பாரம். 16 இறகு, தாரா இல்லாட்டி வாத்து இறகு, பதினாறும் ஒரே பக்கச் செட்டையில எடுத்ததா இருக்கோணும், இடது செட்டையும் வலது செட்டையும் கலந்தா வளைவு ஒத்துவராது, சுழலாமத் தள்ளாடும். கச்சானுக்குள்ள அதைப் பறக்க விடுறது பட்டத்தை நூலில்லாம விடுற மாதிரி. வெளியில எண்டா நைலோன் கொக் எடுங்கோ. அதில கோர்க்கைச் சுத்தி ஒரு கலர்ப் பட்டி இருக்கும், பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். கடையில கனபேர் கலரைப் பாக்காம வாங்கினம், பிறகு "எல்லாம் அவுட்டாப் போகுது" எண்டு ரக்கெட்டில பிழை சொல்லினம்.

இறகிலயும் ஸ்பீட் நம்பர் இருக்கு, டியூப்பின்ர மூடியில 75, 76, 77, 78 எண்டு போட்டிருப்பான், சில கம்பனிக்காரன் 1, 2, 3, 4 எண்டு போடுவான். வெக்கைக் காத்து ஐதா இருக்கும், அதுக்குள்ள கொக் தூரப் பறக்கும், அதால எங்கட ஊருக்கு 75, 76 சரி. கொழும்பில இருந்து ஒரு உறவுக்காரர் ஏசி ஹோலில அடிக்கிற 78 டியூப் ஒண்டு கொண்டந்து தந்தவர், இங்க அடிச்சா ஒவ்வொண்டும் பின்கோட்டைத் தாண்டித்தான் விழும். நுவரெலியாவில எண்டா இன்னொரு கூத்து, குளிர் கொக்கை இழுத்துப் பிடிக்கும், மலை உயரம் தூக்கிக் குடுக்கும், ரெண்டும் ஒண்டோட ஒண்டு சண்டை.

சரியான ஸ்பீட்தானா எண்டு பாக்க ஒரு வழி இருக்கு. பின்கோட்டில நிண்டு கொக்கைக் கீழ இருந்து மேல்நோக்கி முழு வீச்சில அடியுங்கோ, மற்றப் பக்கப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டரில இருந்து 99 சென்டிமீட்டருக்குள்ள முன்னுக்கு விழுந்தா சரி. கைப்பலம் இல்லாத ஆளை வச்சு டெஸ்ட் பண்ணாதேங்கோ, எங்கட வீட்டில அப்பிடித்தான் ஒரு நல்ல டியூப்பைத் திருப்பிக் குடுத்தது.

காத்து நீளப்பாட்டுக்கு அடிச்சா ஒராளுக்கு மட்டும் லாபம், அதுக்குத்தான் ஒவ்வொரு கேம் முடியவும் பக்கம் மாறச்சொல்லி விதியில இருக்கு, மூண்டாவது கேம் எண்டா ஒராள் 11 எடுத்தவுடன நடுவிலயே மாறோணும். நீங்கள் மாறுறனீங்களா, இல்லாட்டி மச்சான் எப்பவும் காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறாரா? 

உப்புவெளி பெடியன்:

அக்கா... அவன் தென்னைப் பக்கம்தான் நிப்பன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறவன், நிழல் எண்டு சொல்லி. ஒரு வருசமா. இப்பதான் விளங்குது.

டச்பே தம்பி:

ஒரு வருசத் தோல்வியும் செல்லாது அண்ணை, எல்லாத்தையும் திரும்ப ஆடுங்கோ 🤣🤣

குளிர்நாட்டுத் திருமலையான்:

நான் இப்ப இருக்கிறது டென்மார்க்கில, பிறந்து வளந்தது திருமலை ஓர்ஸ்ஹில் பக்கம். தம்பி சொன்ன "குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ள" எண்ட கதையில உண்மை இருக்கு, ஆனா அது கண்டுபிடிச்சாக்களுக்கு இல்லை, இங்கத்தை ஆக்களுக்குப் பொருந்தும். இங்க அஞ்சு மாசம் வெளியில ஒண்டும் ஏலாது, அதால சின்ன ஊருக்குக்கூட ஒரு ஹோல், ஹோலுக்குள்ள ஒரு கிளப், பின்னேரம் ஆறு மணிக்குப் பேரனும் பாட்டனும் ஒரே கோர்ட்டில. ஐம்பத்தைஞ்சு லட்சம், அறுபது லட்சம் சனம் உள்ள நாடு, ஆனா எர்லாண்ட் கொப்ஸ் எண்டவர் ஓல் இங்கிலாண்ட் சிங்கிள்ஸை ஏழு தரம் அடிச்சவர். 1996 அட்லாண்டாவில பவுல் எரிக் ஹோயர் தங்கம், பிறகு விக்டர் அக்செல்சன் டோக்கியோவிலயும் பாரிசிலயும் தங்கம். 2016இல ஆம்பிளையளின்ர உலக அணிப் போட்டியான தோமஸ் கப் எடுத்து ஐரோப்பாவுக்கு முதல் தரம் கொண்டந்ததும் இவைதான்.

தோமஸ் கப் எண்டவுடன இன்னொண்டு. 1949இல முதல் தோமஸ் கப் பைனலில இதே டென்மார்க்கை 8க்கு 1 எண்டு அடிச்சது மலாயா. எங்கட ஆக்கள் ரயில்வேயிலயும் கந்தோரிலயும் வேலைக்கெண்டு போய்ப் பென்சனோட திரும்பி வந்த அதே மலாயா. எங்கட அம்மப்பா மலாயன் பென்சனியர், அவர் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சொல் கதைக்கமாட்டார், பட்மின்டன் எண்டா மட்டும் சாய்மனைக் கதிரையில நிமிந்து இருப்பார். அந்தக் கப்புக்குப் பேர் குடுத்த ஜோர்ஜ் தோமஸ் செஸ்ஸும் விளையாடினவர், சும்மா இல்லை, 1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டியில கப்பபிளாங்கா, பொட்வினிக் எண்ட பெரிய செஸ் வீரர் ரெண்டு பேரையும் தோற்கடிச்ச மனுசன். ஒராளுக்கு இவ்வளவு மூளையும் இவ்வளவு காலும் கடவுள் ஏன் குடுத்தவரோ.

இங்க எல்லா வசதியும் இருக்கு, ஹோலுக்குள்ள ஒரு துளி காத்தில்லை. ஆனா பின்னேரம் அடிச்சு முடிச்சு வேர்வையோட கடலுக்க இறங்குறது மட்டும் இல்லை. அது ஒண்டுக்காகவே வருசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வாறனான்.

நெட்டடி அக்கா:

எங்கட நாட்டு ஆளையும் சொல்லுங்கோவன். நிலூக கருணாரத்ன 2012 லண்டன் ஒலிம்பிக்கில நாட்டுக் கொடி பிடிச்சுக்கொண்டு போனவர், அந்த ஒலிம்பிக்கிலயே ஜப்பான்ர கெனிச்சி தாகோவை நேர் ரெண்டு கேமில அடிச்சவர், தாகோ அப்ப உலகத்தில முதல் பத்துக்குள்ள இருந்தவர். நான் அண்டைக்கு அடுப்பில சோறு வச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனான், சோறு அடிப்பிடிச்சு வீடெல்லாம் மணம், ஒருத்தரும் ஏசேல்ல.

இந்தியாக்காரர் பிரகாஷ் படுகோன் 1980, கோபிசந்த் 2001 எண்டு ஓல் இங்கிலாண்ட் அடிச்சு, 2022இல தோமஸ் கப்பையும் இந்தோனேசியாவை 3க்கு 0 எண்டு அடிச்சு எடுத்துப்போட்டினம். பூனாவில தொடங்கினது சுத்திவர அவ்வளவு காலம் பிடிச்சிருக்கு.

டச்பே தம்பி:

இந்தியாவின்ர சாத்விக் அடிச்ச ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம், கின்னஸில இருக்கு, 2023. திருமலையில இருந்து கொழும்புக்கு அரை மணித்தியாலம் 😎

பழைய ரக்கெட்:

தம்பி அது ரக்கெட்டை விட்டுக் கிளம்புற கணத்தில அளந்தது, இறகு காத்தில இழுபட்டு நெட்டைத் தாண்டேக்கயே வேகம் பாதிக்குக் கீழ வந்திடும். இதால கந்தளாய்க்கும் போகாது.

சரி பந்தயத்துக்கு வாறன், நெட்டடி அக்கா சொன்ன காத்துக் கதையிலதான் முடிவு கிடக்கு. உப்புவெளி, நீங்கள் எழுதினதைத் திரும்ப வாசியுங்கோ. பேர் ஆரிட எண்டு நீங்கள் பந்தயம் பிடிக்கேல்ல. "வீட்டுக்குள்ள இருந்து கண்டுபிடிச்சது, காத்துக்குச் சரிவராது" எண்டுதான் சொன்னனீங்கள், மச்சான் "வெளியில வெய்யிலுக்க அடிச்சது" எண்டு சொன்னவர். இந்தியாவில ஆமிக்காரர் விளையாடினது வெளியிலதான். காத்தும் மழையும் உள்ள நாளில அவை விளையாட்டை நிப்பாட்டேல்ல, கொக்கை வச்சிட்டுக் கம்பளி நூல் பந்தை எடுத்தவை. அந்தப் பந்தை வச்சு விளையாடுற விளையாட்டு தஞ்சாவூர்ப் பக்கம் அரச குடும்பம்கூட விளையாடி, இண்டைக்கும் தமிழ்நாட்டில இருக்கு, பக்கத்துக்கு அஞ்சு பேர், மண் தரை, திறந்த வெளி. அவை பூப்பந்து எண்டு சொல்லுறது அந்தக் கம்பளிப் பந்து விளையாட்டை, கொக் அடிக்கிறதை இறகுப்பந்து எண்டுவினம். எங்கட பள்ளிக்கூட அறிவித்தலில பூப்பந்தாட்டம் எண்டா கொக்தான். ஒருக்கா தமிழ்நாட்டில இருந்து வந்த ஒரு வாத்தியார் எங்கட நோட்டீஸைப் பாத்துட்டுப் பந்தைத் தேடினவர்.

வீட்டுக்குள்ள போனது பிறகு, இங்கிலாந்துக் குளிருக்குப் போன பிறகு. அதால கொத்துக்காசு உங்கட பொக்கெட்டில இருந்துதான் போகோணும் தம்பி. மச்சானிட்டச் சொல்லுங்கோ, "வெள்ளைக்காரன் பாத்துட்டுக் கொண்டுபோனவன்" எண்ட பகுதி பிழை, வெள்ளைக்காரனே தட்டிப் பழகின சாமானைத்தான் இங்க கொண்டந்து நெட்டும் விதியும் போட்டுத் திருப்பிக் கொண்டுபோனவன். அந்தப் பிழைக்கு முட்டைக்காசை அவர் குடுக்கட்டும்.

நெட்டடி அக்கா:

சேர் சொன்ன மாதிரியே உலக பட்மின்டன் சம்மேளனமும் இப்ப திரும்ப வெளியில வந்திட்டினம், 2019இல ஏர் பட்மின்டன் எண்டு ஒண்டு தொடங்கினவை, கடற்கரை மணலிலயும் அடிக்கலாம், காத்துக்குத் தாக்குப்பிடிக்கிற தனிக் கொக், நெட்டில இருந்து ரெண்டு மீட்டருக்குள்ள விழுந்தா அவுட், பக்கத்துக்கு மூண்டு பேர் நிண்டும் ஆடலாம். அந்தக் கொக் இங்க கடையில நான் காணேல்ல. உப்புவெளிக் கடற்கரைக்கு அதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்.

உப்புவெளி பெடியன்:

தீர்ப்பை ஏற்றுக்கொண்டு கொத்து வாங்கிக் குடுத்தாச்சு. முட்டைக்காசு மச்சான் தரேல்ல, "அதை அப்பீல் பண்ணுறன்" எண்டுட்டுப் போயிட்டான்.

சேர் சொன்ன கம்பளிப் பந்தையும் செய்து பாத்தம். டவுனில பான்சிக் கடையில நூல் உருண்டை ஒண்டு வாங்கி, தங்கச்சி இறுக்கிச் சுத்தி ஊசியால தைச்சுத் தந்தவ, கச்சானுக்குள்ள நேராப் போகுது, பொய் சொல்லேல்ல. ஆனா ரக்கெட் ரெண்டில நரம்பு அறுந்திட்டுது, மூண்டாவது அடியில பந்து பக்கத்து வீட்டு அன்ரியிட மீன் காயப்போட்ட தட்டுக்க விழுந்து இப்ப கருவாட்டு மணத்தோட இருக்கு. நாய் ஒண்டு ரெண்டு நாளா எங்கட கோர்ட்டை விட்டுப் போகுதில்லை.

அதால காத்து விழுந்து கிடக்கிற நேரம் பாத்து விடிய ஆறு மணிக்கு மாத்தியிருக்கிறம், பச்சைப் பட்டி நைலோன் கொக் ஒரு டியூப் வாங்கியாச்சு, ஒவ்வொரு கேமுக்கும் பக்கம் மாறுறது எண்டு சத்தியம் வாங்கியாச்சு. முதல் நாளே 21-14, 21-17, நான்தான். அவனுக்கு இப்ப முழங்கால் நோவாம். சனிக்கிழமை விடிய டபிள்ஸுக்கு ஒராள் குறையுது, டச்பே தம்பி வாறியா? ரக்கெட் கொண்டு வா, எங்கட ரெண்டும் இன்னும் தங்கூசி பின்னி முடியேல்ல.

டச்பே தம்பி:

வாறன் அண்ணை, ஆனா தென்னைப் பக்கம் எனக்கு.